ஒப்பந்தக் கூலி முறையில் கடல் கடந்த பெண்கள்

1834-ஆம் ஆண்டுக்கும் 1917-ஆம் ஆண்டுக்கும் இடையில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தனர். மொரீஷியஸ், பிரிட்டிஷ் கயானா, டிரினிடாட், நேட்டால், சுரினாம், பிஜி முதலிய கரும்புக் குடியேற்றங்களுக்கு அவர்கள் கப்பலேற்றப்பட்டனர். இவர்களுள் பெண்களின் எண்ணிக்கை தொடக்கத்தில் மிகக் குறைவு. பின்னர் சட்டத்தின் வற்புறுத்தலால் அது ஏறத்தாழப் பத்தில் மூவர் என்ற அளவை எட்டியது. கணவன்மாரின் பின்னே சென்ற மனைவியர் என்றே இப்பெண்கள் பொதுவாக எண்ணப்படுகின்றனர். ஆனால் ஆவணங்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. கல்கத்தாவிலிருந்து சென்ற பெண்களுள் பெரும்பாலோர் கணவன் துணையின்றித் தனியாகவே பதிவு செய்துகொண்டவர்கள். சென்னையிலிருந்து சென்றோருள் குடும்பமாகச் சென்றோர் கூடுதல் எனினும், தனித்துச் சென்ற பெண்கள் அங்கும் இருந்தனர்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்கே ஆண் துணை தேவைப்பட்ட காலத்தில், கடலைத் தாண்டும் முடிவை ஒரு பெண் ஏன் எடுத்தாள்? அது அவள் எடுத்த முடிவுதானா, பிறர் அவளுக்காக எடுத்ததா? அன்றைய அதிகாரிகள் முதல் இன்றைய வரலாற்றாசிரியர்கள் வரை இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகள் கூறியுள்ளனர்.

தோட்டங்களின் தேவை

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் இயற்றப்பட்டு 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் பலர் பழைய எசமானரின் கரும்புத் தோட்டங்களில் குறைந்த கூலிக்கு உழைக்க விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினர். 1834 நவம்பர் 2-ஆம் நாள் 'அட்லஸ்' என்ற கப்பல் 36 இந்தியத் தொழிலாளருடன் மொரீஷியஸ் சேர்ந்தது. 1838 மே 5-இல் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' ஆகிய இரு கப்பல்கள் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன.

இந்த இரண்டாவது பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர்களுள் முதன்மையானவர் ஜான் கிளாட்ஸ்டன். இவர் பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை. கயானாவில் தோட்டங்கள் வைத்திருந்தவர். கல்கத்தா நிறுவனம் ஒன்றுக்கு ஆள் கேட்டு எழுதியபோது பெண்களைப் பற்றியும் அவர் குறிப்பிட்டார். வயலில் வேலை செய்ய ஒப்புக்கொண்டால் பெண்களைக் கூடுதலாகவே அனுப்பலாம் என்றும், இல்லையேல் ஆண்களுக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் ஒன்பது பத்து ஆண்களுக்கு ஒருத்தி போதும் என்றும் அவர் எழுதினார். தோட்ட முதலாளியின் கணக்கில் பெண்ணுக்கு இருந்த இடம் இவ்வளவுதான். தொடக்கக் காலக் கப்பல்களில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தனர்.

முதல் கப்பல்களில் சென்றோர் பட்ட துன்பங்கள் வெளிவந்ததால் இந்திய அரசு இப்பயணங்களைச் சிறிது காலம் தடை செய்தது. 1842-இல் மொரீஷியசுக்கும், அடுத்து மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. இம்முறை நிபந்தனைகள் பல சேர்ந்தன. பெண்கள் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்றாக வளர்ந்தது.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள்

இந்த விகிதம் ஒரே நாளில் தீர்மானிக்கப்பட்டதன்று. கல்கத்தா, இலண்டன், குடியேற்ற நாடுகள் ஆகிய மூன்றிற்கும் இடையே பல்லாண்டுகள் கடிதப் போராட்டம் நடந்தது. பெண்கள் கூடினால் ஆண்கள் அங்கேயே நிலையாகத் தங்குவர், திரும்பும் பயணச் செலவு மிஞ்சும், தோட்டங்களில் அமைதி நிலவும் என்று அரசு கருதியது. பெண்கள் ஆண்களை விடக் குறைவாக வேலை செய்வர், பேறுகாலத்தில் நாள்கள் வீணாகும், குழந்தைகளுக்கும் சோறிட வேண்டும் என்று முதலாளிகள் முணுமுணுத்தனர். விகிதம் ஏறியும் இறங்கியும் இறுதியில் 1870-ஐ ஒட்டி நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று நிலைபெற்றது.

விதியின் விளைவைச் சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கப்பலில் 350 ஆண்கள் செல்வதாயின் 140 பெண்கள் இருந்தாகவேண்டும். ஆண்கள் முன்னரே சேர்ந்துவிடுவர், பெண்கள் சேரமாட்டார்கள். அந்த எண்ணிக்கை நிறையும்வரை கப்பல் புறப்பட முடியாது. டிப்போவில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் முகவருக்குச் செலவு. ஆகவே ஆள்பிடிப்போருக்கு ஓர் ஆணைச் சேர்த்தால் கிடைத்த தரகை விட ஒரு பெண்ணைச் சேர்த்தால் கிடைத்த தரகு கூடுதலாயிற்று. குடும்பங்களைக் காக்கும் நோக்கில் எழுந்ததாகச் சொல்லப்பட்ட விதி, துணையற்ற பெண்களைத் தேடி ஊர் ஊராக அலையும் தரகர் கூட்டத்தை உருவாக்கியது. ஒப்பந்தக் கூலி வரலாற்றில் இதைப் போன்ற முரண் வேறில்லை எனலாம்.

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அங்கு ஐந்தாண்டு ஒப்பந்தமோ இந்த விகிதமோ இல்லை. கங்காணிகள் உறவினர் கூட்டமாகவே அழைத்துச் சென்றனர். காப்பி அழிந்து தேயிலை வந்தபின் கொழுந்து பறிக்கப் பெண்களின் கை தேவைப்பட்டதால் பெண்கள் பெருந்தொகையாகச் சென்றனர். அது தனி வரலாறு.

யார் சென்றனர், ஏன் சென்றனர்

1883-இல் வங்காள மாகாணத்தின் குடிப்பெயர்ச்சி பற்றி ஓர் அறிக்கை வெளிவந்தது. அதை எழுதியவர் ஜார்ஜ் கிரியர்சன். பின்னாளில் இந்திய மொழிகளின் பேராய்வை நடத்திப் புகழ்பெற்றவர் இவரே. பீகார் மாவட்டங்களில் சுற்றி விசாரித்த அவர், செல்லும் பெண்களை நான்கு வகையாகப் பிரித்தார். கணவருடன் செல்வோர் ஒரு வகை. ஆதரவற்ற கைம்பெண்கள் மற்றொரு வகை. கணவன் வீட்டை விட்டு வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் மூன்றாம் வகை. விலைமகளிர் நான்காம் வகை. மூன்றாம் வகையினருக்கு ஊரில் இனி வாழ்வில்லை என்றும், கடல் கடந்த நாட்டில் அவர்கள் புதிதாகத் தொடங்க முடியும் என்றும், ஆகவே அவர்கள் செல்வதைத் தடுப்பது இரக்கமாகாது என்றும் அவர் கருதினார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் இந்திய அரசு மக்னீல், சிம்மன் லால் என்ற இருவரைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியது. 1915-இல் வெளியான அவர்களது அறிக்கையும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. பெண்களுள் மூன்றில் ஒரு பங்கினர் கணவருடன் வந்தவர்கள். எஞ்சியோருள் பெரும்பாலோர் கைம்பெண்களும், கணவனைப் பிரிந்தோரும், கணவனால் தள்ளிவைக்கப்பட்டோரும் ஆவர். விலைமகளிர் சிறு தொகையினரே. பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், வட இந்தியாவிலிருந்து பிஜிக்குச் சென்ற 45,000-க்கும் மேற்பட்டோரின் குடிப்பெயர்ச்சிச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார். வயது வந்த பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குடும்பமின்றித் தனியே பதிவு செய்தவர்கள் என்பது அவரது முடிவு.

அதிகாரிகளின் இந்தப் பகுப்பில் ஒரு குறை தெரிகிறது. நான்கு வகையும் ஓர் ஆணோடு அப்பெண்ணுக்கு இருந்த உறவை வைத்தே அமைந்தவை. அவள் என்ன தொழில் செய்தாள், என்ன கூலி பெற்றாள், அந்தக் கூலி ஏன் நின்றது என்று யாரும் வகை பிரிக்கவில்லை. ஆனால் காரணங்களின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கிராமத்துப் பெண்ணுக்கு நிலத்தில் உரிமை இல்லை. கணவன் இறந்தால் கொழுந்தன்மாரின் வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கு உழைக்கும் நிலை. கைம்பெண் மறுமணச் சட்டம் 1856-இல் வந்தது. எனினும் மறுமணத்தை ஏற்காத சாதிகளில் அது ஏட்டளவில் நின்றது. கணவனின் சொத்தில் கைம்பெண்ணுக்கு வரம்புக்குட்பட்ட பங்கையேனும் அளித்த பொதுச் சட்டம் 1937-இல்தான் பிறந்தது. இதற்கு முன்னர் அவளுக்குக் கைகொடுத்தது இராட்டை. நூல் நூற்றுச் சந்தையில் விற்றுத் தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ளும் கைம்பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். இங்கிலாந்து ஆலைகளின் நூல் வந்திறங்கியதும் அந்த வருவாய் மறைந்தது. நெசவாளரின் வீழ்ச்சி பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. நூற்ற பெண்ணின் வீழ்ச்சி அவ்வளவாக எழுதப்படவில்லை.

பஞ்சம் இதன்மேல் விழுந்த இடி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பாழாக்கியது. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நிவாரண வேலைத்தளங்களில் 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கே ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் சிறிது காசும்தான். பெண்ணுக்கு அதிலும் குறைவு. கல்லுடைத்தும் வயிறு நிறையாத பெண்ணுக்கு, நாள்தோறும் அரிசியும் பருப்பும் அளந்து கொடுக்கும் சீமை ஒன்று உண்டு என்று எவரேனும் சொன்னால் அதை அவள் எப்படிக் கேட்டிருப்பாள் என்று ஊகிப்பது கடினமன்று. நேட்டாலுக்குச் சில ஆண்டுகளாக நின்றிருந்த குடிப்பெயர்ச்சி 1874-இல் மீண்டும் தொடங்கியிருந்தது. வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மாவட்டங்களும், தெலுங்கு நாட்டில் விசாகப்பட்டினம், கோதாவரி மாவட்டங்களும் நேட்டால் கப்பல்களை நிரப்பின. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

பசி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அடிக்கும் கணவன், வேறொருத்தியை மணந்துகொண்ட கணவன், ஊர்ப் பஞ்சாயத்து விதித்த விலக்கு, சாதி மாறிய உறவு, கணவனின்றிச் சுமந்த கரு ஆகியவையும் பெண்களை டிப்போ வாயிலில் கொண்டுவந்து நிறுத்தின. கயானாவில் பிறந்த எழுத்தாளர் கையுத்ரா பகதூர் தம் கொள்ளுப் பாட்டியின் வரலாற்றைத் தேடி 2013-இல் ஒரு நூல் வெளியிட்டார். சுஜாரியா என்ற அப்பெண் 1903-இல் கல்கத்தாவில் 'கிளைடு' என்ற கப்பலில் ஏறியபோது கருவுற்றிருந்தார், உடன் யாருமில்லை. ஏன் ஏறினார் என்பதை எந்த ஆவணமும் சொல்லவில்லை. அந்த நூல் முழுவதும் விடை கிடைக்காத கேள்விகளாகவே விரிகிறது. அதுவே அந்நூலின் நேர்மை.

இனி ஏமாற்று. காசி, மதுரா போன்ற யாத்திரைத் தலங்களில் கூட்டத்தில் உறவினரைத் தவறவிட்ட பெண்களை ஆள்பிடிப்போர் வளைத்தனர். பக்கத்து ஊரில் வேலை என்று சொல்லி அழைத்து வந்தனர். சீனி சலிக்கும் இலகுவான வேலை என்று சொல்லப்பட்டதாகவும், சுரினாமை 'ஸ்ரீராம்' நாடு என்று சொல்லி நம்பவைத்ததாகவும் அந்நாடுகளில் வாய்வழிக் கதைகள் பல வழங்குகின்றன. பதிவின்போது நீதிபதி முன்னிலையில் விருப்பத்துடன்தான் செல்கிறாயா என்று கேட்கவேண்டும் என்பது சட்டம். கேட்கப்பட்டது, தலையாட்டப்பட்டது. அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு பொருள் கொள்வது என்பதில்தான் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். 1974-இல் வெளியான தம் நூலில் ஹியூ டிங்கர் இம்முறையைப் புதிய அடிமை முறை என்றே அழைத்தார். 1980-களில் டிரினிடாட்டின் ரோடா ரெடாக், தனியாக வந்த பெண்கள் தம் வாழ்வை மாற்றத் தாமே முடிவெடுத்த உழைப்பாளர்கள் என்று வாதிட்டார்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எங்கே போகிறோம் என்பதில் ஒருத்தி ஏமாற்றப்பட்டிருக்கலாம். எதை விட்டுப் போகிறோம் என்பதை அவள் நன்றாகவே அறிந்திருந்தாள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய சிலர், சாதி நீக்கத்துக்கு ஆளாகி, இம்முறை எல்லாம் தெரிந்தே மீண்டும் கப்பலேறியதும் உண்டு.

டிப்போவும் கப்பலும்

டிப்போ என்பது துறைமுகத்தில் கூலிகளைத் தங்கவைக்கும் முகாம். மருத்துவச் சோதனையும், பதிவும், கப்பலுக்கான காத்திருப்பும் அங்கேதான். சாதி பார்த்துத் தனித்தனியாக உண்டவர்கள் அங்கு ஒரே கொப்பரைச் சோற்றை உண்டனர். தனித்து வந்த பெண்களும் ஆண்களும் அங்கேயே சோடி சேர்வதும் நடந்தது. இதை 'டிப்போ கலியாணம்' என்றனர். அந்நிய நாட்டில் ஒரு துணை வேண்டும் என்ற அச்சமும் கணக்கை நிரப்பும் முகவரின் வசதியும் சேர்ந்து நடத்திவைத்த திருமணங்கள் இவை. சாதியும் சில வேளைகளில் மொழியும் மதமும் வேறாக இருந்தன. இவற்றுள் பல வாழ்நாள் முழுதும் நீடித்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

கப்பலில் தனி ஆண்கள் முன்பகுதியிலும், குடும்பங்கள் நடுவிலும், தனிப் பெண்கள் பின்பகுதியிலும் தங்கவைக்கப்பட்டனர். மாலுமிகள் பெண்களை அண்டக்கூடாது என்று விதி இருந்தது. விதியை மீறியதாகப் பதிவான புகார்களும் உள்ளன. பாய்மரக் கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளை அடைய மூன்று மாதம் அல்லது அதற்கு மேலும் ஆகும். பயணத்தில் இறந்தோருள் கைக்குழந்தைகளே மிகுதி. ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் உடன்பிறப்பாகக் கருதினர். வட இந்தியர் இதை 'ஜஹாஜி' உறவு என்றனர். கப்பல் உறவினரின் பிள்ளைகளுக்குள் மணம் முடிக்கத் தயங்கும் அளவுக்கு அது இரத்த உறவாக மதிக்கப்பட்டது. தாய்வீட்டை இழந்த பெண்களுக்குத் தாய்வீடு போல நின்றது இந்த உறவே.

பாதிக் கூலி

நேட்டாலில் ஆணுக்கு முதலாம் ஆண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் ஆகும். பெண்ணுக்கு இதில் பாதி. அரிசிப் படியிலும் பாதி. வேலைக்கு வராத நாளில் கூலி இல்லை. பல தோட்டங்களில் படியும் இல்லை. பிஜியில் நாள் கூலி வேறுவிதமாக அமைந்தது. குறித்த அளவு வேலையை முடித்தால் ஆணுக்கு 12 பென்ஸ், பெண்ணுக்கு 9 பென்ஸ் என்பது ஏடு. அளவை முடிக்க இயலாதவருக்கு அந்தத் தொகை கைக்கு வராது. கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைக்காரிகளும் அளவை முடித்த நாள்கள் குறைவு.

பிஜியில் குடியிருப்பு வரிசையில் ஓர் அறை பத்தடிக்கு ஏழடி. அதில் மூன்று தனி ஆண்கள், அல்லது கணவன், மனைவி, இரு குழந்தைகள் தங்கவேண்டும். சுவர் கூரைவரை எட்டாது. ஓர் அறையில் முணுமுணுத்தால் அடுத்த அறையில் கேட்கும். விடியலுக்கு முன்னே எழுந்து சமைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குச் சென்று, வரப்போரம் அதைக் கிடத்திவிட்டுக் களை வெட்டவேண்டும். பிஜித் தோட்டங்களில் கைக்குழந்தைகளின் இறப்பு மிகுதியாக இருந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வேலையைப் பங்கிடுவது சர்தாரும் மேற்பார்வையாளரும். இணங்கும் பெண்ணுக்கு இலகு வேலை, இணங்காதவளுக்கு ஒதுக்குப்புறமான கடும் வேலை என்பது பல நாடுகளிலும் பதிவான கொடுமை. ஆண்கள் மிகுந்தும் பெண்கள் குறைந்தும் இருந்த வரிசைகளில் பெண்ணை முன்வைத்துக் கொலைகள் நடந்தன. கயானாவிலும் டிரினிடாட்டிலும் கணவனால் வெட்டிக் கொல்லப்பட்ட பெண்கள் பலர். அதிகாரிகள் இதற்குப் பெண்களின் ஒழுக்கக்கேடே காரணம் என்று எழுதிவைத்தனர். பிஜியில் ஆண்கள் தற்கொலை செய்துகொண்டபோதும் பெண்கள் மீதான பொறாமையே காரணம் என்று கூறப்பட்டது. பிரிஜ் லால் இந்த விளக்கத்தை ஆராய்ந்து மறுத்துள்ளார். உழைப்பின் கடுமை, தனிமை, முறிந்த குடும்ப உறவுகள் ஆகியவற்றை மறைக்கப் பெண்ணின் ஒழுக்கம் வசதியான திரையாயிற்று என்பது அவரது வாதம்.

இத்தனைக்கும் நடுவே சில பெண்கள் தம் பெயரில் பணம் சேர்த்தனர். சேமிப்பை வெள்ளிக் காப்பாகவும் காசுமாலையாகவும் உருக்கி அணிந்துகொண்டனர். ஒப்பந்தம் முடிந்தபின் மாடு வாங்கினர், காய்கறி பயிரிட்டனர். டர்பன் தெருக்களில் கூடை சுமந்து காய்கறி விற்ற இந்தியப் பெண்கள் அந்நகரின் வழக்கமான காட்சியாயினர்.

நேட்டாலில் மூன்று பவுண்டு வரி

ஒப்பந்தம் முடிந்தோர் நேட்டாலில் தங்குவதைத் தடுக்க 1895-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. திரும்பிச் செல்லாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் இருப்போர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி செலுத்தவேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. 1903-இல் இது 16 வயது நிரம்பிய ஆண் பிள்ளைகளுக்கும் 13 வயது நிரம்பிய பெண் பிள்ளைகளுக்கும் விரிக்கப்பட்டது. மூன்று பவுண்டு என்பது 60 ஷில்லிங். ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டில் 7 ஷில்லிங் பெற்ற பெண்ணுக்கு இது எட்டரை மாதக் கூலி. கூலியில் பாதி என்ற சட்டம் வரியில் பாதி என்று சொல்ல மறந்துவிட்டது. வரி கட்ட இயலாத தாய்மார் மீண்டும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வரியின் நோக்கமும் அதுவே.

1913 மார்ச்சில் கேப் உயர் நீதிமன்ற நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் சமயச் சடங்குகளின்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்றாக்கியது. இந்திய மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் என்றானது. அதுவரை சத்தியாக்கிரகத்தில் பெண்களை ஈடுபடுத்தத் தயங்கிய காந்தி இப்போது அவர்களை அழைத்தார். டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த 11 பெண்கள் டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்டனர். ஒருவரைத் தவிர மற்றவர் தமிழர். அறுவர் கையில் குழந்தை. அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று ஒப்பந்தத் தொழிலாளரிடம் மூன்று பவுண்டு வரியைப் பற்றிப் பேசினர். அக்டோபர் நடுவில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. பின் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. அக்டோபர் 21-இல் அப்பெண்களுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டனர்.

தமிழ்நாட்டில் நன்கறியப்பட்ட தில்லையாடி வள்ளியம்மை இப்போராட்டத்தில் அடுத்த கட்டத்தில் சிறை சென்றவர். பலர் எண்ணுவது போல அவர் ஒப்பந்தக் கூலியும் அல்லர், தில்லையாடியில் பிறந்தவரும் அல்லர். சிறு வணிகக் குடும்பத்தில் ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவர். பெற்றோரின் ஊர்த் தொடர்பால் தில்லையாடி அவர் பெயருடன் சேர்ந்தது. சிறையில் கண்ட காய்ச்சலால் நலிந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்தபோது அவருக்கு வயது 16. அவ்வாண்டு இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு வரியை நீக்கியது. வரி யாரை மிகுதியாக வாட்டியதோ அந்தத் தோட்டப் பெண்களின் பெயர்கள் பாடநூல்களில் இல்லை. வேலைநிறுத்தத்தின்போது தோட்டங்களில் அடிபட்டோருள் அவர்களும் இருந்தனர்.

பிஜியும் முறையின் முடிவும்

பிஜிக்கு முதல் கப்பலான 'லியோனிடாஸ்' 1879 மே 14-இல் கல்கத்தாவிலிருந்து சென்றடைந்தது. சென்னையிலிருந்து ஆள் எடுப்பது 1903-இல் தொடங்கியது. மொத்தம் சென்ற 60,000 பேருள் ஏறத்தாழ 15,000 பேர் தென்னிந்தியர்.

1912 ஏப்ரலில் குந்தி என்ற பெண் தோட்டத்தில் தனியிடத்தில் வேலைக்கு விடப்பட்டார். மேற்பார்வையாளர் அத்துமீற முயன்றதும் தப்பி ஓடி ஆற்றில் குதித்தார். சிறு தோணியில் இருந்த ஒருவர் அவரைக் காப்பாற்றினார். குந்தியின் கூற்று 1913-இல் இந்தியப் பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. 1915-இன் இறுதியில் சி.எப். ஆண்ட்ரூசும் டபிள்யூ. பியர்சனும் பிஜி சென்று ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். 1916 மார்ச்சில் இம்முறையை ஒழிக்கக் கோரி மதன் மோகன் மாளவியா சட்டசபையில் கொணர்ந்த தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்சு ஏற்றார். 1917-இல் நாடெங்கும் கூட்டங்கள் நடந்தன. சரோஜினி நாயுடு முதலியோர் பேசினர். இந்தியப் பெண்களின் தூதுக்குழு ஒன்று வைசிராய் செம்ஸ்போர்டைச் சந்தித்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஆள் எடுப்பு நிறுத்தப்பட்டது. பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 சனவரி முதல் நாள் இரத்தாயின. பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாடலைப் பாடியது பிஜித் தீவின் இந்தியப் பெண்களை எண்ணியே. தமிழர் பலர் இப்பெண்களைப் பற்றி அறிந்தது அப்பாடல் வழியாகத்தான்.

இயக்கத்தை வெற்றிபெறச் செய்தது பெண்களின் மானம் என்ற முழக்கம். கூலி, வரி, வேலை நேரம் பற்றி எண்பது ஆண்டுகளாக எழுந்த முறையீடுகள் சாதிக்காததை அது சாதித்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. தோட்டத்துப் பெண்களெல்லாம் ஒழுக்கம் கெடுக்கப்பட்டவர்கள் என்ற கருத்து, முறையை எதிர்த்தவர்களின் எழுத்துகளிலேயே இடம்பெற்றது. ஊர் திரும்பிய பெண்கள் அந்தப் பழியையும் சுமந்தனர். கூலி உயர்வு கேட்டு 1920 தொடக்கத்தில் சுவா நகரில் இந்தியர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னணியில் நின்றவர்கள் பெண்கள். இது இந்தியாவில் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

எஞ்சிய பதிவேடுகள்

1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்த 'டுரூரோ' முதல், நேட்டால் சென்ற கப்பல்களின் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒப்பந்த எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, மாவட்டம், அங்க அடையாளம் ஆகியவை அவற்றில் உள்ளன. மொரீஷியசின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியோரின் ஆவணங்களும் நிழற்படங்களும் காக்கப்படுகின்றன. அவர்கள் கரையேறிய போர்ட் லூயி முகாமான ஆப்ரவாசி காட் 2006-இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

இப்பட்டியல்களைக் கொண்டு வேலூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் முன்னோரின் ஊரைத் தேடி வருவோர் இன்றும் உண்டு. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்களைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆண்வழி முன்னோரின் ஊர் தெரிந்தபின்னும் பெண்வழி நூல் பல வேளைகளில் அறுந்துவிடுகிறது. பெண்ணின் பெயர் ஒற்றைச் சொல்லாக, அம்மாயி என்றோ குப்பம்மா என்றோ நிற்கும். டிப்போவில் மணந்தவளாயின் கணவனின் ஊர் அவள் ஊராகாது. எதற்காக வந்தாள் என்று எழுதப் பதிவேட்டில் பத்தியே கிடையாது.